ராமானுஜரை ‘அண்ணா’ என்று அழைத்த ஊர்!

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர்தான். மேற்கே மலைத்தொடர் கூடவே வரும். ஜன்னலோர இருக்கை கிடைத்தால், ஊர் வருவதற்கு முன்பே 11 நிலை கோபுரம் தலைகாட்டிவிடும். ஆண்டாள் தரிசனம், அரை கிலோ பால்கோவா, உடனே திரும்பும் பஸ். பலருடைய பயணம் அதோடு முடிந்துவிடுகிறது.

கொஞ்சம் நேரம் ஒதுக்குபவர்களுக்கு இந்த இரண்டு ஊர்களிலும் இன்னொரு விஷயம் காத்திருக்கிறது. ஆயிரம் வருடங்களுக்கு முன்பு சாதியைத் தாண்டி அடியார்களை அணைத்துக்கொண்டவர் ராமானுஜர். அந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது?

1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர். குருவிடம் ரகசியமாகப் பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூரில் ஊரறியச் சொன்னார். மேல்கோட்டையில், தீண்டத்தகாதவர்கள் என ஒதுக்கப்பட்டவர்களைத் ‘திருக்குலத்தார்’ என்று அழைத்து, ஆண்டில் சில நாட்களாவது கோயிலுக்குள் வரவைத்தார். வைணவ மரபு சொல்லும் இந்தக் கதைகள் பலருக்கும் தெரிந்தவை. அவற்றுக்கு அடியில் இருக்கும் தத்துவம்தான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

உலகம் பொய்த்தோற்றம் அல்ல, நிஜம். உலகமும் உயிர்களும் இறைவனுக்கு உடம்பு. அவற்றுக்குள் இருக்கும் உயிர் அவன். விசிஷ்டாத்வைதம் என்ற நீளமான பெயருக்குள் இருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். (பண்டிதர்கள் மன்னிக்க!) இதை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும். எல்லோரும் பெருமாளின் உடம்பு என்றால், அதில் எந்த உறுப்பு தீட்டு?

இந்தக் கருத்துக்கு வேர் உபநிடதத்தில் இருக்கிறது. பூமிக்குள் இருந்து அதை இயக்குபவன், பூமியையே உடலாகக் கொண்டவன் என்று பிருகதாரண்யக உபநிடதம் பேசுகிறது. நாதமுனிகள், ஆளவந்தார் என்று ராமானுஜருக்கு முந்தைய ஆசாரியர்களும் பாதை போட்டிருந்தார்கள். அவர் பெயரில் உள்ள ஒன்பது நூல்களும் சம்ஸ்கிருதம். அவற்றில் ஆழ்வார் பாடல் ஒன்றைக்கூட அவர் மேற்கோள் காட்டவில்லை. அப்படியானால் தமிழுக்கு இதில் பங்கே இல்லையா? ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கும் விஷயம் இது.

பதிலின் ஒரு பகுதி அவருடைய சீடரிடம் கிடைக்கிறது. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு முதல் உரையை எழுதியவர் திருக்குருகைப்பிரான் பிள்ளான். எழுதச் சொன்னவர் ராமானுஜர். ‘ஆறாயிரப்படி’ எனப்படும் அந்த உரையில், ராமானுஜரின் சம்ஸ்கிருதத் தொடர்களே தமிழ்ப் பாசுரத்துக்கு விளக்கமாக வந்து உட்கார்கின்றன. குருவின் மனதில் இரண்டும் ஒன்றாகவே ஓடியிருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

பதிலின் இன்னொரு பகுதிதான் ஸ்ரீவில்லிபுத்தூர். கோயிலை ஒட்டியிருக்கும் நந்தவனம், துளசிச் செடியின் கீழ் ஆண்டாள் கிடைத்த இடமாகச் சொல்லப்படுகிறது. அங்கே பூ பறித்து மாலை கட்டியவர் பெரியாழ்வார். பெருமாளைப் பார்த்ததும் வரம் கேட்காமல், கண்பட்டுவிடப் போகிறதே என்று அவருக்கே ‘பல்லாண்டு’ பாடிய மனிதர்! அந்தப் பாட்டிலேயே, பழைய குலத்தை விட்டுவிட்டு அடியார் கூட்டத்தோடு வந்து சேருங்கள் என்று கூப்பிடுகிறார். திவ்யப் பிரபந்தம் ஓதுவது இந்தத் திருப்பல்லாண்டில்தான் தொடங்குகிறது. அதாவது, முதல் பாட்டுக்குள்ளேயே குலத்தை விடச் சொல்லும் குரல் வந்துவிடுகிறது. பட்டர் வீட்டுப் பெண்ணான ஆண்டாளும் திருப்பாவையில் தன்னை மாடு மேய்க்கும் ஆயர்குலத்துப் பெண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறாள்.

அந்தத் திருப்பாவையை ராமானுஜர் சதா முணுமுணுத்துக்கொண்டே இருந்ததால் ‘திருப்பாவை ஜீயர்’ என்றே அவருக்குப் பெயர் வந்தது. ஒருநாள், நப்பின்னையைக் கதவு திறக்கச் சொல்லும் 18-ம் பாசுரத்தைப் பாடியபடி பிட்சைக்குப் போகிறார். சரியாக அந்த நேரத்தில் வளையல் ஒலிக்க ஒரு சிறுமி கதவைத் திறக்கிறாள். நப்பின்னையே வந்துவிட்டாள் என்று ராமானுஜர் விழுந்து வணங்கிவிடுகிறார்.

அந்தச் சிறுமி, பெரிய நம்பியின் மகள் அத்துழாய் என்று ஒரு மரபு சொல்கிறது. பெரிய நம்பி, மதுராந்தகத்தில் ராமானுஜரைச் சீடராக ஏற்ற குரு. ஆளவந்தாரின் சீடரான மாறனேரி நம்பி, தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் இறந்தபோது இறுதிச் சடங்குகளைச் செய்தவர் பெரிய நம்பிதான். அதற்காகச் சொந்தக்காரர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். ராமானுஜரே ‘ஏன் இப்படி?’ என்று கேட்க, ‘ஜடாயுவுக்கு ராமன் செய்யவில்லையா? நான் ராமனைவிட உசத்தியா?’ என்று கேட்டாராம் குரு. தத்துவம் பேசுவதற்கும் அதன்படி நடப்பதற்கும் நடுவே இருந்த விலை இது. சீடர் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்.

இதில் ராஜபாளையத்துக்கு என்ன வேலை? விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய காவியம் ‘ஆமுக்த மால்யதா’. சூடிக் கொடுத்த ஆண்டாளின் கதை. பெரியாழ்வார், ஆளவந்தார் ஆகியோரோடு, ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து பாட்டாலேயே பெருமாளைத் தொழுத மாலதாசரியின் கதையும் அதில் உண்டு. ராமானுஜருக்கு முன்னும் பின்னும் ஓடிய அந்த நினைவு, ஒரு பேரரசரின் காவியம்வரை போயிருக்கிறது. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்து சாகித்ய அகாடமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றவர், ராஜபாளையத்துக்காரரான மு.கு.ஜகந்நாத ராஜா. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வாழும் ஊர் அது. பக்கத்து ஊர்ப் பெண்ணின் கதை ஆந்திரம் போய்விட்டு, இப்படி 12 கிலோமீட்டர் தள்ளி வந்து சேர்ந்திருக்கிறது. நாய்க்கும் நூற்பாலைகளுக்கும் பேர்போன ஊரில் இந்தப் பெயரையும் விசாரித்துப் பார்க்கலாம்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இரண்டு ஊர்களிலும் நிற்கும். மார்கழியில் வந்தால் இன்னும் விசேஷம். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் தருவதாக ஆண்டாள் பாடிவைத்தாள். பாட்டில் இருந்த அந்த நேர்த்திக்கடனை, சில நூற்றாண்டுகள் கழித்து ராமானுஜர் அழகர் கோயிலில் நிறைவேற்றிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தாராம். தங்கையின் ஆசையை நிறைவேற்றுவது அண்ணன் வேலைதானே! சந்நிதியில் இருந்து ஆண்டாளே ‘அண்ணா’ என்று அழைத்தாள் என்கிறது மரபு. மார்கழி 27, கூடாரவல்லி அன்று பெருமாள் கோயில்களில் கையில் விழும் அந்த நெய் ஒழுகும் அக்கார அடிசில், இந்தக் கடனின் மிச்சம்தான்.