பழைய கட்டிலுக்கு என்ன விலை?

வீடு மாறும்போதுதான் பழைய கட்டிலுக்கும் பீரோவுக்கும் விலை பேச ஆள் வருவார். "பழசு சார், இடத்தைத்தான் அடைக்குது... ஆயிரம் ரூபாய் தர்றேன்" என்பார். வாசலில் லாரி நிற்கிற அவசரத்தில் விற்பவரும் தலையாட்டி விடுவார். நஷ்டம் அங்கேதான் ஆரம்பம்!

வந்தவர் கண் மரத்தின் மேல்தான். தேக்கு என்றால் கணக்கு கன அடியில். 4 அங்குலச் சதுரத்தில் இரண்டரை அடிக் கால்கள் நான்கு, 6 அங்குல அகலம் 2 அங்குலக் கனத்தில் 6 அடிச் சட்டங்கள் இரண்டு... இவை மட்டுமே 2 கன அடிக்கு மேல் வரும். மரக்கடைக்குப் போன் போட்டு அன்றைய தேக்கு விலையைக் கேட்டாலே பாதி பேரம் முடிந்தது. பழைய மரம் என்று கொஞ்சம் குறைக்கலாம், பூச்சி அரித்த இடத்தைக் கழிக்கலாம். கடைசல் வேலை இருந்தால், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அதற்குத் தனி மதிப்பு.

இரும்பு பீரோ? அடித்தகடு துருப்பிடிக்காமல், பூட்டும் வேலை செய்தால் பீரோவாக விற்கலாம். இல்லையேல் காயலான் கடையில் எடைக்குத்தான். பார்ட்டிக்கிள் போர்டு கட்டில் தண்ணீர் பட்டால் உப்பிவிடும், கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காது. வாங்கிய விலையை மறந்துவிட வேண்டியதுதான். பழைய மெத்தையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

தாத்தா பாட்டி படுத்த கட்டில் என்ற பாசத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். அதையும் சேர்த்து விலை சொல்கிறவருக்கு உண்மையில் விற்க மனமில்லை. அவர் கட்டிலை வைத்துக்கொள்வதே நல்லது. விற்பதென்று முடிவானால், லாரி வருவதற்கு ஒரு வாரம் முன்பே டேப்பை எடுத்து அளக்க வேண்டும்!