வடை எண்ணெயில் வான் ஓடுமா?

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள தம்பி ரவிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி ஒரு நாள் கூடுகிறது, ஒரு நாள் குறைகிறது. உன் தொண்டைக் கரகரப்பு மாறிவிட்டதா? டோஹா வெயிலுக்குள் நின்றுவிட்டு வந்த கையோடு ஐஸ் தண்ணீர் குடிக்காதே என்று எத்தனை தரம் சொல்வது? சொன்னால் கேட்கிற பிள்ளையா நீ.

வட்ஸ்அப்பில் நீ அனுப்பிய, பழைய எண்ணெயைப் பயோடீசலாக்குகிற மிஷின் வீடியோவை அம்மாவுக்கும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்துவிட்டு, "உது சவர்க்காரம் காய்ச்சிற மிஷினோ பிள்ளை?" என்று கேட்டா. சிரிக்காதே. அம்மா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. போனில் சொல்ல வெளிக்கிட்டால் நீ இடையில் புகுந்து என்னை மடக்கிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாக வாசி. இரசாயனவியல் படிப்பித்தே தலை நரைத்தவளுக்கு இதில் ஒரு வார்த்தை சொல்ல உரிமை இருக்கிறதுதானே.

நீ நினைப்பதில் விஞ்ஞானப் பிழை ஒன்றும் இல்லை. டீசல் எஞ்சின் தாவர எண்ணெயில் ஓடும். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே கடலை எண்ணெயில் ஒன்றை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் எண்ணெயை அப்படியே தாங்கிக்குள் ஊற்ற முடியாது. அது டீசலைவிடப் பத்து மடங்குக்குக் கிட்டத் தடிப்பு, கொஞ்ச நாளிலேயே இன்ஜெக்டர் அடைத்துப் போகும். அந்தத் தடிப்பைக் குறைக்கத்தான் மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் சேர்க்கிறார்கள். நூறு லீற்றர் எண்ணெய்க்கு இருபது லீற்றர் அளவில் மெதனோல் வேண்டும். கலக்கிச் சூடாக்கி விட்டால் மேலே பயோடீசல் நிற்கும், கீழே கிளிசரின் படியும்.

வீடியோவில் ஊற்றுவது சுத்தமான எண்ணெய், ராசா. நீ சேர்க்கப்போவது கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக்கடை எண்ணெய். திருப்பித் திருப்பி வடையும் றோல்ஸும் பொரித்த எண்ணெயில் தண்ணீர் இருக்கும், கொழுப்பமிலம் பிரிந்து நிற்கும். அதற்குள் கோஸ்டிக் சோடாவைப் போட்டால் பயோடீசலோடு சவர்க்காரமும் திரண்டு வரும். அம்மா கேட்டது அதைத்தான்! ஒவ்வொரு கானிலும் அமிலம் எவ்வளவு என்று சோதித்து, அதற்கேற்றபடி சோடாவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இதை ஆர் செய்வது? நீ டோஹாவில் இருந்துகொண்டா? வான் ஓடுகிற மச்சானா? அவர் தேத்தண்ணிக்கே சீனி அளந்து போடாத மனிசன்.

எனக்குப் பெரிய பயம் மெதனோலில்தான். அது நஞ்சு, கண்ணைப் பறிக்கும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலைகூடக் கண்ணுக்குத் தெரியாது. கொட்டாஞ்சேனை வீட்டின் பின்பக்கம் எவ்வளவு இடம் என்று உனக்குத் தெரியும். மதிலுக்கு அங்காலே மற்ற வீட்டுக் குசினி. அங்கே மெதனோல் பரல் வைப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன், நீ கோபித்தாலும் சரி.

சரி, பாதுகாப்பான இடம் ஒன்று கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். எண்ணெய் எங்கே? நான் சும்மா இருக்கவில்லை, ஜம்பட்டா வீதியில் நாங்கள் இடியப்பம் எடுக்கிற கடைக்குப் போய் முதலாளியிடமே கேட்டேன். அவர் என்னைக் குசினிக்குள் கூட்டிப் போய்த் தாச்சியைக் காட்டினார். அடியில் கரி, அதற்கு மேல் தேத்தண்ணிச் சாயம்போல எண்ணெய். பக்கத்தில் புதுக் கான். பொடியன் வடையை அள்ளிப் போட்டுவிட்டு, எண்ணெய் வற்ற வற்றப் புதுசை மேலே ஊற்றுகிறான். "அக்கா, பழைய எண்ணெய் எண்டு ஒண்டு இஞ்சை மிஞ்சிறதேயில்லை" என்றார் முதலாளி. அந்த வடையை இவ்வளவு காலமும் நாங்கள் தின்றிருக்கிறோம் என்பது வேறு கதை. பெரிய ஹோட்டல்களில் மிஞ்சும்தான். ஆனால் அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. வெளிநாட்டில் பயோடீசலுக்கும் விமான எரிபொருளுக்கும் பழைய எண்ணெய்க்கு நல்ல கிராக்கி, வாங்கிச் சேர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் என்று நீ போட்ட கணக்கு அங்கேயே உடைந்துபோச்சு.

எங்கள் வானுக்குக் கிழமைக்கு ஐம்பது லீற்றர் என்று வை. சின்னக் கடை ஒன்று மனம் வைத்துத் தந்தாலும் நாலைந்து லீற்றர்தான். பத்துப் பன்னிரண்டு கடைக்கு ஏறி இறங்க வேண்டும். எண்ணெய் பொறுக்க ஓடுகிற ஓட்டத்துக்கும் டீசல் வேண்டுமே தம்பி. இன்னொன்று, கடைகளில் பாம் ஒயிலும் புழங்குகிறது. அதிலிருந்து வருகிற பயோடீசல் குளிருக்குக் கலங்கிக் கட்டிபடும். மச்சான் மாதத்தில் ஒருக்கால் நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றப் போகிறவர். விடியப்புறம் அங்கே வான் கிளம்பாமல் நின்றால் ஆரைக் கூப்பிடுவது?

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அப்பா யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினவர்தானே." ஓம், ஓடினவர். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத காலத்தில், மருந்துப் போத்தலில் அம்மா ஒளித்து வைத்த பெற்றோலில் நாலு சொட்டைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து உதைத்து, கிளம்பினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். நீ சின்னப் பிள்ளை, பின்னால் வந்த வெள்ளைப் புகைக்குள் ஓடி விளையாடினது நினைவிருக்கும். பிளக்கைக் கழற்றிக் கழற்றி உரஞ்சினது உனக்கு நினைவிராது. இரண்டு நாளைக்கு ஒருக்கால் அதுதான் வேலை. அந்தச் சீ90 எஞ்சின் கடைசியில் என்ன பாடு பட்டது என்று அம்மாவைக் கேள். அந்த ஐந்து வருஷமும் யாழ்ப்பாணத்தைத் தூக்கி நிறுத்தினது மண்ணெண்ணெய் இல்லை, சைக்கிள். விறகும் சைக்கிளில், நெல்மூட்டையும் சைக்கிளில், நோயாளியும் சைக்கிளில். ஜாம் போத்தல் விளக்கில் நாங்கள் படித்தோம், வானொலிக்குக்கூடச் சைக்கிள் டைனமோதான். புது எரிபொருள் வந்து எங்களைக் காப்பாற்றவில்லை. இருந்ததைக் குறைத்துத்தான் தப்பினோம்.

அக்கரையைப் பார். 1996இல் ராஜபாளையத்துப் பக்கம் ராமர் பிள்ளை என்பவர் மூலிகையைக் காய்ச்சித் தண்ணீரைப் பெற்றோலாக்குகிறேன் என்றபோது எங்கள் கொழும்பிலும் பத்திரிகையை வாங்கி வாங்கி வாசித்தார்கள். இருபது வருஷம் கழித்து, 2016இல், மோசடி என்று சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறை விதித்தது. அது ஏமாற்று, விடு. ஏமாற்று இல்லாத கதையும் இருக்கிறது. 2003இலிருந்து இந்தியா காட்டாமணக்கை நம்பியது. தரிசில் தானாக வளரும், தண்ணீர் வேண்டாம், விதையில் டீசல் என்று தமிழ்நாட்டிலும் விவசாயிகளை நட வைத்தார்கள். தரிசில் செடி வளர்ந்தது, காய் போதியளவு வரவில்லை. காய்க்க வேண்டும் என்றால் தண்ணீரும் உரமும் வேண்டும். அவை இருக்கிற நிலத்தில் ஆர் காட்டாமணக்கு நடுவான்?

இந்தியா இப்போது பெற்றோலில் நூற்றுக்கு இருபது எதனோல் கலக்கிறது. அது உண்மையாகவே நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எதனோலில் பெற்றோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, லீற்றருக்கு ஓடும் தூரம் குறைகிறது என்று பழைய வண்டிக்காரர் புலம்புகிறார்கள். பிரேசில் 1975இலிருந்து இதைப் பெரிய அளவில் செய்கிறது. அவர்களின் கரும்பு நிலம் மட்டும் எங்கள் முழு இலங்கையையும்விடப் பெரிசு. எங்களுக்கு என்ன இருக்கிறது? கந்தளாய்ச் சீனி ஆலை மூடிக் கிடக்கிறது. பெல்வத்தையிலும் செவனகலையிலும் வருகிற எதனோல் சாராயத்துக்குப் போகிறது. 2020 தொடக்கத்தில் எதனோல் இறக்குமதியை நிற்பாட்டின பிறகு அதற்கு இன்னும் மவுசு கூடினது. இந்த நாட்டில் எதனோல் வண்டிக்கு முதல் ஆளுக்குள்தான் போகும்! தேங்காயெண்ணெயா? தேங்காய் இருநூறு ரூபாவைத் தாண்டினபோது சம்பல் அரைக்கவே யோசித்தோம்.

எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. தேயிலைத் தொழிற்சாலைகள் விறகில்தான் கொழுந்தைக் காயவைக்கின்றன. திருகோணமலையில் சீமெந்துத் தொழிற்சாலைக்காரர் உமியும் சீமைக்கிளுவைத் தடியும் எரித்துக் கறண்ட் எடுக்கிறார்கள். சீமைக்கிளுவையைத் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது தோட்டப் பயிர் என்று 2005இல் அரசாங்கமே அறிவித்தது. எங்கள் ஊர் வேலியில் நின்ற அதே மரம்தான், வெட்ட வெட்டத் தழைக்கும். விளைகிற இடத்துக்குப் பக்கத்திலேயே விறகாக எரித்தால் கட்டுபடியாகும். போத்தலில் அடைத்து வானுக்குள் ஊற்ற வெளிக்கிட்டால்தான் செலவு ஏறுகிறது. என் தீர்ப்பு அவ்வளவுதான்.

2022 உனக்குச் செய்தி, எங்களுக்கு அது வாழ்க்கை. யூன் கடைசியில் பெற்றோல் 470 ரூபா. அத்தியாவசிய சேவைக்கு மட்டுந்தான் என்று இரண்டு கிழமைக்கு அறிவித்தார்கள். பிறகு கியூஆர் பங்கீடு வந்தது. தொடக்கத்தில் கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அப்போது மச்சான் என்ன செய்தார் தெரியுமா? புறக்கோட்டையில் சாமான் எடுக்க நாளுக்கு இரண்டு தரம் ஓடினவர், கடைக்காரரோடு கதைத்து ஓடரை முதல்நாள் இரவே வாங்கி ஒரு ஓட்டமாக்கினார். வியாபாரம் படுக்கவில்லை. கியூஆர் போனதும், 2023 செப்டெம்பரில், பழையபடி இரண்டு ஓட்டம். ஏன் என்று கேட்டால் "கடைக்காரர் அவசரப்படுத்தினம்" என்கிறார். அந்த ஒரு ஓட்டத்தை மறுபடி நிற்பாட்டினால் மிச்சப்படுகிற டீசலை உன் மிஷின் ஒருநாளும் தராது. செலவும் இல்லை, மெதனோலும் இல்லை. ரயரில் காற்றுப் பார்க்கவும் சொல். போன முறை நான் ஏறினபோது பின் ரயர் இரண்டும் சப்பிக் கிடந்தன.

உன் காசைக் கட்டாயம் எதிலாவது போடத்தான் வேண்டும் என்றால் மின்சார ஓட்டோ ஒன்றைப் பற்றி யோசி. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குச் சின்னச் சாமான் கொண்டுவர வான் எதற்கு? கறண்டை நம்பலாமா என்று கேட்பாய். கேட்கத்தான் வேண்டும், 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. நுரைச்சோலையில் நிலக்கரியும் எரிகிறதுதான். ஆனால் அதே வருஷம் சித்திரை வருஷப் பிறப்பு விடுமுறையில், பகலில் கறண்ட் மிஞ்சுகிறது, கூரைச் சோலாரைப் பின்னேரம் மூன்று மணிவரை நிற்பாட்டுங்கோ என்று மின்சார சபை கேட்டது. மத்தியானத்தில் ஆளில்லாமல் நிற்கிற கறண்டை ஓட்டோ பற்றரிக்குள் ஏற்றினால் ஆருக்கு நட்டம்? விலை, பற்றரி உத்தரவாதம், திருத்துகிற ஆள் மூன்றையும் எங்களுக்குத் தெரிந்த மகேந்திரனிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் அவசரப்பட்டு எதையும் வாங்கமாட்டான், உன்னை மாதிரி இல்லை.

நானும் குறைத்துத்தான் இருக்கிறேன், இப்போது கோட்டைக்குப் போவதென்றால் ரயில்தான். வெள்ளவத்தை ஸ்ரேசனில் ஏறினால் கடற்காற்றும் கிடைக்கிறது, காலி வீதி நெரிசலும் இல்லை. என் சின்ன மகளையும் பழக்கியிருக்கிறேன். முதலில் முகத்தை நீட்டினாள், இப்போது சிநேகிதிகளோடு அவளே போகிறாள்.

அம்மா ஒன்று சொல்லச் சொன்னா: "அவன்ரை காசு வெயிலில காஞ்ச காசு." நானும் அதைத்தான் சொல்கிறேன், தம்பி. அந்த மிஷின்காரன் இந்த மாதத்துக்குள் கட்டினால் விலைக்கழிவு என்று அவசரப்படுத்துவான். கட்டாதே. மார்கழியில் லீவில் வருவாய்தானே, வந்து மச்சானோடு இரண்டு நாள் வானில் ஏறிப் போய் ஓட்டங்களைப் பார். அதற்குப் பிறகும் மிஷின்தான் வேண்டும் என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கொட்டாஞ்சேனை வீட்டில் வைக்க விடமாட்டேன். கடிதம் கிடைத்ததும் ஒரு வரி போடு.

அன்புடன்,
அக்கா