ஏழு மட்டை போதும்

மைசூரில் சாமுண்டி மலையடிவாரத்தில், ரேஸ் கோர்ஸை ஒட்டி, ஜெயசாமராஜேந்திர உடையார் பெயரில் ஒரு கோல்ஃப் கிளப் இருக்கிறது. அந்த மகாராஜாவின் பெயரே மாதச் சம்பளக்காரனான என்னைப் பல வருடங்கள் வேலிக்கு வெளியே நிறுத்திவைத்தது. நாற்பதைத் தாண்டி ஆசை வந்தபோது கூடவே கவலையும் வந்தது: மகளின் காலேஜ் ஃபீஸில் கை வைக்காமல் மட்டை வாங்க முடியுமா?

முடியும். பையில் 14 மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் விதி. வைத்தே ஆகவேண்டும் என்றல்ல. புதியவருக்கு ஏழு தாராளம்: ஒரு 5-வுட், 5, 7, 9 எண் அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். ('வுட்' என்பதை மரம் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். இப்போது அதுவும் உலோகம்தான்.)

பழசாகவே வாங்குங்கள். பிடி தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம்; தண்டு வளைந்தோ விரிசல் விட்டோ இருந்தால் வேண்டவே வேண்டாம். பந்தைத் தொடும் முகத்திலுள்ள கோடுகள் மழுங்கிவிட்டனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். பளபளக்கும் டிரைவருக்கு அவசரமில்லை. நேராக அடிக்கக் கஷ்டமானது அதுதான். மிச்சமாகும் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள். முதலில் 7-ம் எண் அயர்னைப் பழகுங்கள்.

2009-ல் இந்தியன் ஓபனை வென்ற பெங்களூர்க்காரர் சி. முனியப்பா, பிறருடைய பையைச் சுமக்கும் கேடியாக இருந்தவர். ஆட்டம் பையில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?