பாட்டும் படிப்பும்

சோழவளநாடு நெல்லுக்கு மட்டுமன்றி இசைக்கும் பேர்பெற்றது. தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாத்திரி ஆகிய மூவரும் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்தது திருவாரூரிலேயாகும். அத்திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையே, வயல்கள் சூழ அமைந்த ஊர் கூத்தாநல்லூர். அங்கே வைகறையில் பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழும். நடவுக் காலத்தில் வயல்களிலிருந்து குலவையும் பாட்டும் எழும். பொழுது ஏறியபின் சாலையில் பேருந்துகளின் ஊதொலி ஓயாது. இத்தனை ஒலிகளுக்கு நடுவேதான் அவ்வூர்ச் சிறுவர் பாடம் படிக்கின்றனர். அண்மைக் காலத்தில் இன்னோர் ஒலியும் இவற்றோடு சேர்ந்துள்ளது. காதிற் செருகிய சிறு கருவியில் திரைப்பாட்டைக் கேட்டுக்கொண்டே பாடம் படிக்கும் மாணவன், "பாட்டு இல்லாவிட்டால் எனக்குப் படிப்பே ஓடாது" என்கிறான். "அதைக் கழற்றி வை, தம்பி, பிறகு படி" என்கிறார் பாட்டனார். இருவருள் யார் கூற்று மெய்?

மாணவன் கூற்றை முற்றும் தள்ளிவிடுதல் இயலாது. குனிந்து நாற்று நடுவோர்க்குப் பாட்டு உற்ற துணை என்பதை அந்நாட்டார் நன்கு அறிவர். கை பழகிய வேலையைத் தானே செய்துகொண்டு போகிறது. உள்ளம் சலியாமற் காப்பது பாட்டு. இரண்டாம் உலகப் போர் நடந்த 1940ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வானொலி நிலையத்தார் தொழிற்சாலைகளில் உழைப்போர்க்கென்றே இசை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினர். அது 1967 வரை நீடித்தது. ஒரே திருகாணியை நாள் முழுதும் முடுக்குவோனுக்கு வேறென்ன ஆறுதல் உண்டு? ஆயின், நாற்று நடுவது வேறு. நூல் படிப்பது வேறு.

நூலைப் படிப்பவன் வாய் திறவாதிருப்பினும், அவன் உள்ளத்தே ஒரு குரல் சொற்களை ஒலித்துக்கொண்டே செல்கின்றது. அக்குரல் ஒலிக்கும் இடமோ மிகச் சிறிது. புறத்தேயிருந்து வரும் சொற்களும் நம்மைக் கேளாமலே அவ்விடத்திற் புகுந்துவிடுகின்றன. ஆங்கிலேய உளநூலறிஞர் ஆலன் பேடலி என்பார், சலாமே என்னும் அறிஞருடன் சேர்ந்து 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வெறுங் கருவியிசையைக் காட்டிலும் வாய்ப்பாட்டே நினைவை மிகுதியாகக் குலைத்தது. கேட்பவன் அறியாத மொழிச் சொற்களும் இவ்வாறே இடையூறு செய்யும் என்பது 1976ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. ஆகவே, "பொருள் விளங்காத பாட்டைத்தானே கேட்கிறேன்" என்று மாணவன் சொல்வதிலும் பயனில்லை.

"எனக்குப் பிடித்த பாட்டு ஆயிற்றே!" என்று அவன் கேட்கலாம். வேல்சு நாட்டில் 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகின்றது. பிடித்த பாட்டு ஒலித்தபோதும், பிடிக்காத பாட்டு ஒலித்தபோதும், தாம் கண்டவற்றை வரிசை பிறழாமல் ஒப்பிப்பதில் மாணவர் ஏறத்தாழ ஒரே அளவு தவறினர். அமைதியில் அவ்வளவு தவறவில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தபோதும் பெரிய இடையூறு நேரவில்லை. காரணம், செவி மாறுகின்ற ஒலியையே பின்தொடர்கின்றது. மின்விசிறியின் சீரான இரைச்சல் சிறிது நேரத்தில் மறந்துபோவதும், அடுத்த வீட்டுப் பேச்சு மறவாமல் உறுத்துவதும் இதனாலேயாம்.

எனினும் நடுவுநிலை தவறலாகாது. இலண்டன் மாநகரில் சூசன் ஹாலம் என்னும் அம்மையாரும் அவருடைய துணைவரும் 10 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மென்மையான இசை ஒலித்தபோது பிள்ளைகள் கணக்கையும் நினைவுப் பயிற்சியையும் இசையில்லாத போதினும் நன்றாகவே செய்தனர். முரட்டு இசை ஒலித்தபோது நினைவு தடுமாறினர். உள்ளம் அமைதி பெற்றால் வேலையும் திருந்தும் போலும். ஓர் இசை உள்ளத்தைத் தணிப்பதும் உண்டு. சிதறச் செய்வதும் உண்டு.

இதனை ஆராயாது, இசை கேட்டாலே அறிவு வளரும் என்று நம்பியோரும் உளர். 1993ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர் மூவர், 36 கல்லூரி மாணவரைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். மொசார்ட் என்னும் இசைமேதையின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டபின், வடிவங்களை மனத்தால் மடித்தும் விரித்தும் பார்க்கும் கணக்குகளில் மாணவர் சிறிது மிகுதியான மதிப்பெண் பெற்றனர். அப்பயன் கால்மணி நேரத்துக்குள் மறைந்தது. அவர்கள் இசையைக் கேட்டது தேர்வுக்கு முன்னரேயன்றித் தேர்வு எழுதும்போதன்று என்பதையும் பலர் கருதிப் பார்க்கவில்லை. 1998ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க 105,000 டாலர் வேண்டுமெனக் கேட்டார்! பிள்ளைக்கு அறிவை விலைக்கு வாங்கிவிடலாம் என்னும் ஆசை எந்நாட்டார்க்கும் பொது. 2001ஆம் ஆண்டில் கனடா நாட்டு அறிஞர் இதனை மீண்டும் சோதித்தனர். கிளர்ச்சி தரும் இசை உள்ளத்துக்கு ஊக்கம் அளிக்கின்றது. அவ்வூக்கமே சிறிது நேரம் பயன் தருகின்றது. மொசார்ட்டுக்கெனத் தனி ஆற்றல் ஒன்றும் இல்லை என்பது அவர்கள் கண்ட உண்மை.

"அப்படியாயின், திண்ணைப்பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கப் பாடினரே! ஓதுபள்ளிகளில் இன்றும் சிறுவர் ஒருங்கே குரலெடுத்து ஓதுகின்றனரே!" என்று கேட்டல் கூடும். தக்க வினாவே. அங்கே ஒலிப்பது பாடமே; பாடத்துக்கு அயலான ஒலியன்று. ஓசையும் சந்தமும் சொல்லைச் சுமந்து சென்று நெஞ்சில் வைக்கின்றன. தமிழில் இலக்கணமும் மருத்துவமும் கணக்கும் செய்யுளாய் அமைந்தது இது கருதியே. உள்ளக் குரலும் வாய்க் குரலும் அங்கு ஒன்றாகின்றன. காதிற் செருகிய கருவியிலோ அவை இரண்டாகிப் போரிடுகின்றன.

இசையேனும் மாணவன் விரும்பிக் கேட்பது. விரும்பாமலே நாள்தோறும் பேரொலியைக் கேட்க நேரும் பிள்ளைகளின் நிலை என்ன? நியூயார்க்கு நகரின் வடபகுதியில் ஒரு பள்ளி இருந்தது. அதன் ஒரு பக்கத்தை அடுத்து உயரத்தில் அமைந்த இருப்புப்பாதை சென்றது. பள்ளி நடக்கும் வேளையில் நாலரை நிமிடத்துக்கு ஒரு முறை வண்டி கடந்தது. அரை நிமிடம் ஆசிரியர் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆர்லின் பிரான்சாப்ட் என்னும் அம்மையார் அங்கு ஆய்வு நடத்தினார். பாதைப் பக்கத்து வகுப்பினரின் வாசிப்புத் திறனையும், மறுபக்கத்து அமைதியான வகுப்பினரின் வாசிப்புத் திறனையும் ஒப்பிட்டார். ஆறாம் வகுப்பை எட்டியபோது பாதைப் பக்கத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். 1975ஆம் ஆண்டில் இம்முடிவு வெளிவந்தது.

அப்பிள்ளைகள் மந்த அறிவினர் அல்லர். இவர்களும் மற்றவர்களும் ஒரே பள்ளியினர், ஒரே சுற்றுப்புறத்தினர். எந்த அறையில் அமர்ந்தனர் என்பதே வேறுபாடு. பின்னர்த் தண்டவாளத்தின் கீழ் இரப்பர்த் தகடுகள் வைக்கப்பட்டன. வகுப்பறைகளில் ஒலியை உறிஞ்சும் மேற்கூரை அமைக்கப்பட்டது. மீண்டும் ஆராய்ந்து 1981ஆம் ஆண்டில் அவ்வம்மையார் முடிவை வெளியிட்டபோது, இருபக்கத்துப் பிள்ளைகளும் ஒரே நிலையில் வாசித்தனர். ஒரு தகட்டுக்கும் ஒரு கூரைக்கும் இருந்த ஆற்றல், அதற்கு முன் அப்பிள்ளைகள் பெற்ற கண்டனங்களுக்கு இருந்திருக்குமோ?

கூத்தாநல்லூரிலும் இதனைச் சோதிக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு வகுப்பில் 40 மாணவர் இருப்பின், அவர்களைத் திருவுளச்சீட்டால் இரு கூறாக்க வேண்டும். எளிமையில் ஒத்த இரண்டு உரைப்பகுதிகள் போதும். முதற்கிழமை ஒரு கூற்றார் அமைதியிலும், மற்றவர் மெல்லிய வீணையிசையிலும் படித்து வினாக்களுக்கு விடை எழுதுக. அடுத்த கிழமை அறைகளை மாற்றுக. திருத்துவோர்க்கு எவ்விடை எந்த அறையில் எழுதப்பட்டது என்பது தெரியலாகாது. சாலைப் பக்கத்துச் சாளரத்தருகே அமர்ந்து எழுதியவர் யார் யார் என்பதையும் தனித்தாளில் குறித்து வைத்தல் வேண்டும்.