கொதிகலன் கொள்ளுமுன்

வெயிலுக்கு நிழல் தருவதும் மழைக்கு ஒதுங்க இடம் தருவதுமே வீட்டின் கடமை என்றெண்ணி வளர்ந்தவர்கள் நாம். குளிருக்கு அஞ்சி வீட்டைச் சூடாக்கும் வழக்கம் எமது நாட்டில், நுவரெலியா போன்ற மலைநாட்டு ஊர்களின் பழைய பங்களாக்களுக்கு அப்பால் அரிது. அங்கும் கூடத்தில் விறகெரியும் கணப்போடு காரியம் முடிந்துவிடும். ஆயினும் இன்று யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு கிளை உண்டு. அக்கிளைகளின் வீட்டுக் கணக்கிலே குளிர் விரட்டும் செலவு தவிர்க்க முடியாத ஒன்று. ஆதலால் அதுபற்றி இங்குள்ள பெற்றோரும் உடன்பிறந்தோரும் சிறிது அறிந்திருத்தல் நன்று.

பிரித்தானியாவில் முன்னர் அறைக்கொரு நிலக்கரிக் கணப்பு எரிந்தது. 1952 டிசெம்பரில் இலண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. 1956 இல் தூய வளிச் சட்டம் பிறந்தது. வடகடலில் எரிவாயு கண்டறியப்பட்டபின், 1967 முதல் 1977 வரை, எரிவாயுக் கருவிகள் அப்புதிய வாயுவுக்கேற்ப வீடு வீடாக மாற்றப்பட்டன. இன்று பெரும்பாலான வீடுகளில் ஒரு பெட்டி சுவரிலே தொங்குகின்றது. அதனுள் எரிவாயு எரிந்து நீரைச் சூடாக்கும்; ஒரு பம்பி அந்நீரை அறைதோறும் உள்ள ரேடியேற்றர் என்னும் உருக்குத் தகடுகளுக்கு அனுப்பும்; வெப்பத்தை அறைக்கு ஈந்த நீர் மீண்டும் பெட்டிக்குத் திரும்பும். அப்பெட்டியே பொயிலர் என வழங்கும் கொதிகலன். பெயர் அவ்வாறாயினும் அதனுள் நீர் கொதிப்பதில்லை.

2024 டிசெம்பர் விடுமுறையை இலண்டனின் வடமேற்கே ஹரோவில் வாழும் எமது தங்கையின் இல்லத்திற் கழித்தோம். தங்கை, அவள் கணவர், இரு பிள்ளைகள், எண்பத்தொரு வயதான எமது அன்னையார் என ஐவர் உறையும் வீடு அது. நாம் சென்ற நான்காம் நாள் கொதிகலன் நின்றுபோயிற்று. 2006 இற் பொருத்தியது. உள்ளே வெப்பமாற்றி பிளந்து நீர் கசிகின்றது. அதற்குரிய உதிரிப்பாகம் இப்பொழுது கிடைப்பதில்லை என்றார் பார்க்க வந்தவர்.

மறுநாட் காலையில் வீட்டினுள் வெப்பநிலை 13 பாகை. குளிர் நாடுகளில் வீட்டின் உள்வெப்பம் 18 பாகைக்குக் குறையலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வகுத்தது. முதியோருக்கு அதனிலும் சற்றுக் கூடுதலாகவே வேண்டும் என்பர். குளிர் குருதியமுக்கத்தை உயர்த்தும். நெஞ்சையும் சுவாசத்தையும் தாக்கும். அம்மா இரண்டு கம்பளிச் சட்டைகளின் மேற் போர்வையொன்றைச் சுற்றிக்கொண்டு, "எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி, பிள்ளையளைப் பார்" என்றார். அவர் விரல் நுனிகளோ நீலம் பாரித்திருந்தன.

பொருத்துநர் மூவர் அடுத்தடுத்து வந்தனர். முதல்வர் சமையலறையிற் கால்மணி நேரம் நின்றார். 35 கிலோவாற்று வலுவுடைய கொம்பி ஒன்றைப் பொருத்தி, மாடியில் அலுமாரிக்குள் இருக்கும் வெந்நீர்க் கலத்தைக் கழற்றிவிடலாம் என்றார். கொம்பி என்பது அறைகளையும் சூடாக்கி, குழாயைத் திறக்கும்போது வெந்நீரையும் உடனுக்குடன் ஆக்கித் தருவது. சேமித்து வைக்கும் கலம் அதற்கு வேண்டியதில்லை. நாளையே வேலை முடியும், வலு எவ்வளவு கூடுகின்றதோ அவ்வளவு நன்று என்பது அவர் வாதம். இரண்டாமவரும் எண்ணைச் சிறிது குறைத்து அதனையே சொன்னார். தங்கையின் கணவர் கையொப்பமிட ஆயத்தமானார். அலுமாரி காலியாகும் என்பது தங்கைக்கும் இனித்தது. பிள்ளைகள் வளரும் வீட்டில் ஓர் அலுமாரி சிறு செல்வமன்று.

மூன்றாமவர் வயதில் மூத்தவர். அளவு நாடாவுடன் அறை அறையாகச் சென்றார். யன்னல்களின் அகலம், சுவர்களின் தன்மை, கூரையின் கீழ் விரித்த காப்புப் பஞ்சின் தடிப்பு, ஒவ்வொரு ரேடியேற்றரின் நீளம் உயரம் யாவற்றையும் குறித்தார். பின்பு, "பகலில் வீட்டில் இருப்பவர் யார்?" எனக் கேட்டார். மற்றையோர் கேளாத கேள்வி அது. வெளியே உறைநிலைக்கு 2 பாகை கீழான குளிர் என வைத்துக் கணித்து, அப்பொழுதும் அவ்வீடு இழக்கும் வெப்பம் ஏறத்தாழ 7 கிலோவாற்றே என்றார்.

பௌதிகம் கற்பிக்கும் எமக்கு அக்கணக்கு உவப்பளித்தது. ஏழு வேண்டிய வீட்டுக்கு முப்பத்தைந்து ஏன்? அப்பெரிய எண் ஓடும் நீரை அந்தக் கணத்திலே சூடாக்குவதற்காக ஏற்பட்டது. நிமிடத்துக்கு 10 லீற்றர் நீரின் வெப்பநிலையை 35 பாகையால் உயர்த்த 24 கிலோவாற்றுக்கு மேல் வேண்டும்; எமது மாணவர் கரும்பலகையிற் செய்துகாட்டக்கூடிய கணக்கு இது. அறைகளுக்கு அவ்வளவு தேவையில்லை. கொதிகலன் தன் சுவாலையை ஓரளவுக்குத்தான் தாழ்த்தவல்லது. வீட்டின் தேவை அவ்வளவுக்கும் கீழே இருக்கும் மிதமான நாட்களில், மிகைவலுவுள்ள கொதிகலன் எரிவதும் அணைவதுமாய் அல்லாடும், எரிவாயு விரயமாகும், உறுப்புகள் தேயும். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது இதற்கும் பொருந்தும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 ஏப்ரில் முதல் புதிதாகப் பொருத்தும் எரிவாயுக் கொதிகலன்கள், சில விலக்குகள் தவிர, ஒடுக்க வகையினவாய் இருத்தல் வேண்டும். ஒரு கிலோகிராம் மெதேன் எரிகையில் 2.25 கிலோகிராம் நீராவி உண்டாகின்றது. அது புகைபோக்கி வழியே போய்விட்டால் அதன் மறைவெப்பமும் உடன் போகும். அந்நீராவியை உள்ளேயே நீராக ஒடுக்கி வெப்பத்தை மீட்பது இவ்வகை. ஆனால் ரேடியேற்றர்களிலிருந்து திரும்பும் நீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருந்தாலன்றி இது நிகழாது. நீரை 80 பாகையிற் சுழலவிடும் வீட்டில், காசு கொடுத்து வாங்கிய திறன் பெரும்பாலும் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டிலேயே தங்கிவிடும். ஒடுங்கிய நீர் வடியும் குழாயையும் கவனிக்க வேண்டும். அது வீட்டுக்கு வெளியே மெலிந்து நீண்டிருந்தால் உள்ளே நீர் உறைந்து கொதிகலனை நிறுத்திவிடும். 2010 டிசெம்பரின் கடுங்குளிரில் அந்நாட்டிற் பல வீடுகளுக்கு இக்கதி நேர்ந்தது.

மாலையில் யாவரும் ஒரே அறையிற் கூடியிருந்து ஆராய்ந்தோம். மூத்த மருமகள், "வெப்பப் பம்பி வைக்கக்கூடாதோ மாமா?" என்றாள். நல்ல கேள்வி. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இறைக்கும் அக்கருவி, ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று அலகு வெப்பம் தரவல்லது. இங்கிலாந்திலும் வேல்சிலும் அதற்கான அரச உதவி 2023 ஒக்ரோபரில் 7500 பவுணாக உயர்த்தப்பட்டது. ஆனால் நாம் அங்கிருந்தபோது மின்சார அலகொன்றின் விலை எரிவாயு அலகின் விலையைப்போல் நான்கு மடங்கு அளவில் இருந்தது. வீட்டை ஆராயவும், சில ரேடியேற்றர்களைப் பெருப்பிக்கவும், ஏற்ற கலம் வைக்கவும் வாரங்கள் பல செல்லும். கோடையில் அமர்ந்து எண்ணத்தக்க செயலை, குளிரில் நடுங்கும் முதியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணுதல் இயலாது.

கலத்தைக் கழற்ற வேண்டாம் என்றார் மூன்றாமவர். வெப்பப் பம்பிக்கும் கலம் வேண்டும். அதற்குரிய இடத்தை இன்று இழந்தால் பின்னர் இடந்தேடி அலைய நேரும் என்றார். அக்கலத்தின் அருமையை நாங்கள் அவ்வாரத்திலேயே கண்டோம். அதனுள் 3 கிலோவாற்று மின்சூடாக்கி ஒன்று இருந்தது. கொதிகலன் செத்துக் கிடந்த நாட்களிலும், 120 லீற்றர் நீரை 10 பாகையிலிருந்து 60 பாகைக்கு அது இரண்டரை மணி நேரத்துக்குள் ஏற்றித் தந்தது. அம்மா வெந்நீரில் முழுகினார். கொம்பி மட்டும் உள்ள வீட்டில், அது நின்றால் அறைச் சூட்டோடு வெந்நீரும் நின்றுவிடும்.

அம்மாவிடமும் கேட்டோம். "அந்த அலுமாரி இல்லாட்டி என்ரை சீலையள் எங்கை காயிறது?" என்றார். வெயிலில்லாத ஊரில், கலத்தின் இளஞ்சூட்டிலே தம் நூற்சேலைகளை மடித்து வைத்து ஈரம் போக்கி வந்திருக்கின்றார். அதன்பின் தங்கை அலுமாரியைப் பற்றிப் பேசவில்லை.

15 கிலோவாற்றுக் கொதிகலன் தெரிவாயிற்று. கலம் தன்னிடத்திலேயே நின்றது. அறைகளுக்கு 55 பாகை. கலத்தினுள் தீய நுண்ணுயிர்கள் பெருகாதிருக்கும் பொருட்டு 60 பாகை. முதல்வர் கேட்டதிலும் சில நூறு பவுண் கூடுதல். ஐந்து நாட் காத்திருப்பு. அந்நாட்களில் இரண்டு எண்ணெய் மின்சூடாக்கிகளை அம்மாவின் அறையில் வைத்து, பிள்ளைகளும் அங்கேயே பாய் விரித்தனர். வேலை தொடங்கியபோது ரேடியேற்றர்களிலிருந்து மைபோற் கரிய துருச்சேறு வெளிப்பட்டது. அதனைக் கழுவாது புதுக் கொதிகலனை மாட்டியிருந்தால் அச்சேறு அதன் வெப்பமாற்றியை அடைத்திருக்கும். இனிச் சேரும் துருவைப் பிடிக்கக் காந்த வடிகட்டி ஒன்றும் இணைக்கப்பட்டது. தை மாதத்திற் பேசியபோது அம்மாவின் அறையில் 20 பாகை என்றாள் தங்கை.

பிறநாட்டிற் பிள்ளைகளை உடைய வாசகர்களுக்கு ஒன்று கூற விரும்புகின்றோம். கருவி செத்தபின் தேடுவோர், முதலில் வருபவர் சொல்வதையே வாங்க நேரும். ஆகவே, பிரித்தானியாவில் இருக்கும் பிள்ளைகளோடு ஆவணி புரட்டாதியிற் பேசும்போது, கொதிகலனின் வயது எத்தனை என்று கேளுங்கள். பதினைந்தைக் கடந்திருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டை அளப்பிக்கச் சொல்லுங்கள். அளவாமல் எண் சொல்பவரை அனுப்பிவிட்டு, அளந்து சொல்பவரை அழைக்கட்டும். வருபவர் 2009 முதல் அங்கு நடைமுறையிலுள்ள காஸ் சேவ் பதிவேட்டில் உள்ளவரா என்று அவரது அடையாள அட்டையைப் பார்க்கட்டும். நிறமும் மணமும் இன்றி உயிர் கவரும் காபனோரொட்சைட்டை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை வைக்கட்டும். ஆண்டுக்கொரு முறை கொதிகலனைப் பரிசோதிப்பிக்கட்டும்; தவறினால் உத்தரவாதமும் செல்லாது போகலாம். வீட்டிற் பகல் முழுதும் இருக்கும் முதியவரிடம், எந்த அறை குளிர்கின்றது என்று கேட்கவும் மறவாதிருக்கட்டும்.