வீட்டுப் பள்ளியில் ஒரு காரோட்டி

இருபது வருஷங்களுக்கு மேலாக நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்து வருகிறோம். ஆகையால், "எங்கள் பெண் பள்ளிக்கூடம் போவதில்லை, வீட்டிலேயே படிக்கிறாள்" என்று அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்திலிருக்கும் தம்பி சொன்னபோது, நம்முடைய உத்தியோகத்துக்கே உலை வைத்துவிட்டான் போலத் தோன்றியது. சென்ற கோடை விடுமுறையில் நேரிலேயே போய்ப் பார்த்தோம். அங்கே அது ஒளிவு மறைவான காரியம் அல்லவாம். வீட்டுப் படிப்பைத் தனியார் பள்ளியாகவே கருத வேண்டும் என்று அந்த மாகாணத்து உச்ச நீதிமன்றம் 1994-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

கணக்கும் சரித்திரமும் வீட்டில் நடக்கட்டும், கார் ஓட்டுவதுமா? அதுவுந்தான்! நம் தேசத்தில் 18 வயதுக்கு முன் பிள்ளை காரை ஓட்டினால், பெற்றோருக்கு 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கேயோ தகப்பனாரையே உபாத்தியாயராக நியமிக்கிறது சட்டம்.

ஆனால் நிபந்தனைகள் இலேசானவை அல்ல. 15 வயது நிறைந்த பிள்ளை பயிற்சி லைசென்ஸ் பெறலாம். பள்ளிக்கு ஒழுங்காக வருவதற்கு அத்தாட்சி வேண்டும். நம் தம்பி மகளுக்கு அவள் தாயாரே தலைமை ஆசிரியராகிக் கையெழுத்திட்டாள். வகுப்புப் பாடமும் உண்டு. வண்டியில் 44 மணி நேரம்: அதில் 7 கற்றுக்கொண்டு ஓட்டுவது, 7 பிறர் ஓட்டுவதைக் கவனிப்பது, மீதி 30 அப்பியாசம். அந்த முப்பதில் 10 இரவு நேரமாக இருக்க வேண்டும். ஆறு மாதமாவது பயிற்சி லைசென்ஸை வைத்திருந்து, 16 வயதான பிறகே பரீட்சை. மணிக் கணக்கையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதித் தகப்பனார் கையெழுத்திட வேண்டும்.

நாம் போயிருந்த சமயம் பரீட்சைக்கு ஒரு வாரமே இருந்தது. இரவுக் கணக்கில் மூன்று மணி குறைந்தது. வேலையிலிருந்து களைத்து வந்த தம்பி, "மூன்று மணிதானே! எழுதிவிட்டால் போகிறது, யார் கேட்கப் போகிறார்கள்?" என்றான்.

"நான் ஓட்டவில்லையே, அப்பா" என்றாள் பெண். பிறகு நம் பக்கம் திரும்பி, "பெரியப்பா, வராத பிள்ளையை வந்ததாக நீங்கள் ரிஜிஸ்தரில் போடுவீர்களா?" என்று கேட்டாள்.

நமக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பதினைந்து வருஷங்களுக்கு முன் நாமும் லைசென்ஸ் வாங்கினோம். கற்றுக் கொடுத்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு, "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், சார்" என்றார், பார்த்துக்கொண்டார். நாம் ஓட்டியது ஐம்பது கஜம் இருக்கும். அடுத்த வாரமே பின்னால் எடுக்கப் போய் வீட்டுச் சுற்றுச்சுவரை இடித்தோம். அந்தச் சமயம் சுவரோரத்தில் குழந்தை ஒன்றும் விளையாடிக்கொண்டிருக்கவில்லை, அது தெய்வாதீனம். அன்று பெட்டிக்குள் போன லைசென்ஸ் பிறகு வெளியே வரவில்லை.

இதைத் தம்பியிடம் சொன்னோம். அவன் பதில் பேசாமல் சாவியை எடுத்தான்.

மூன்று இரவுகள், இரவுக்கு ஒரு மணி. முன்னால் தகப்பனும் மகளும், பின்னால் நாம். இரண்டாம் இரவு நல்ல மழை. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணைப் பறித்தது. தம்பியின் கால் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்தது! பெண்ணோ விளக்கைப் பார்க்காமல், வலது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி வேகத்தைக் குறைத்தாள். லாரி போயிற்று. வீடு சேரும்வரை ஒருவரும் பேசவில்லை. மூன்றாம் இரவு தம்பி பதிவேட்டில் கையெழுத்திட்டான்.

அவள் தேறிவிட்டாள். ஆனாலும் நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை சும்மா சுற்ற முடியாது. குடும்பத்தவரல்லாத 21 வயதுக்குட்பட்டோரில் ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது. தொலைபேசியைத் தொடவே கூடாது.

வீட்டுப் படிப்பைப் பற்றிய நமது சந்தேகங்கள் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் கார் ஓட்டுவதை ஆதியிலிருந்து கற்கத் தொடங்கியிருக்கிறோம். மணிக் கணக்கையும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வருகிறோம். இதுவரை ஒன்பது மணி ஆகியிருக்கிறது.