சுடா மாக்கான்?

நம்ம கீரமங்கலம், ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் பல வீடுகளில் ஒருத்தராவது வெளிநாட்டில் இருப்பார். திரும்பி வந்தவர்கள் சம்பளம், ஓவர்டைம், தங்கம் பற்றித்தான் பேசுவார்கள். அங்கே யாரோடு பழகினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு விவசாயத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் கடைசி மூன்று வருடம் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். ஒரு வீட்டுக்கு ஆறு பேருக்கு மேல் கூடாது என்று 2018 மே மாதம் விதி வந்தது. நாங்கள் சரியாக ஆறு பேர்.

காலையில் கீழே இறங்கினால் ஒரு சீனப் பெரியவர் தரைத்தளத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார். உள்ளூர்க்காரர்தான். நான் அங்கிள் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். தினமும் ஒரே கேள்வி: "சுடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா என்பதற்கு மலாய். வீடு மாறிப் போகிறவர்கள் விட்டுப்போகும் நல்ல மின்விசிறி, நாற்காலியை எங்களுக்காக எடுத்து வைப்பார். ஊரிலிருந்து வந்த முறுக்கு கொடுத்தால், பல் இல்லாததால் காப்பியில் ஊறவைத்துத் தின்பார்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரை கடந்தது. நம்ம மாவட்டத்தை என்ன பண்ணிட்டுப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். கரண்ட் இல்லை, டவர் இல்லை. வீட்டு நம்பர், சித்தப்பா நம்பர், பக்கத்துக் கடை நம்பர், எதுவும் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை வேலைக்குப் போகாமல் கீழே உட்கார்ந்திருந்தேன். அங்கிள் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு தன் கதையைச் சொன்னார்.

1961 மே 25. புக்கிட் ஹோ ஸ்வீ என்ற இடத்தில் கூரை வீடுகள் தீப்பிடித்து, சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அங்கிளுக்கு அப்போது எட்டு வயது. தங்கச்சியை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அம்மாவை மறுநாள்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் பார்த்தாராம். "ராத்திரி பூரா அம்மா இல்லைன்னு நினைச்சேன், தம்பி. ஆனா இருந்தாங்க."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய் ஒரு காப்பி வாங்கி வந்தார். அறையில் இருந்த பசங்களும் ஆறுதல் சொன்னார்கள்தான். ஆனால் அந்த மாதிரி ராத்திரியைக் கடந்தவர் சொன்னபோதுதான் மனசு கொஞ்சம் அடங்கியது.

நான்காம் நாள் சாயங்காலம் மச்சான் புதுக்கோட்டை டவுனுக்குப் போய்ப் பேசினார். "அம்மா, அப்பா நல்லா இருக்காங்க மாப்ள. தென்னை எழுபதுல நாலுதான் நிக்குது."

மறுநாள் அங்கிளிடம் சொன்னேன். மரத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அம்மா சுடா மாக்கான்?" என்றார். நாலு நாளா வராத அழுகை அப்பத்தான் வந்தது.

2019 தையில் ஊருக்கு வந்து கன்று வைத்தேன். அங்கிளிடம் செல்போன் கிடையாது. அதே வீட்டில் இருந்த நண்பனிடம் விசாரித்தேன். 2020 கொரோனா அடைப்புக்கு அப்புறம் அவரைப் பார்க்கவில்லை என்றான்.

இப்போது எங்கள் தெருவில் ஒரு ஓட்டு வீட்டில் ஒடிசா, பீகார் பசங்க எட்டுப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். தேங்காய் நார் மில்லில் வேலை. அவர்கள் ஊரிலும் வெள்ளம் வரும், போன் கிடைக்காமல் போகும். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார நம்மில் ஒருத்தராவது வேண்டும். அதற்கு இன்றைக்கே முகம் பழகியிருக்க வேண்டும். "கானா காயா?" என்ற இரண்டு சொல் கற்றுக்கொண்டேன், தினமும் கேட்கிறேன். முதலில் சிரித்தார்கள். அதில் ஒரு பையன் இப்போது என்னைப் பார்த்ததும் முந்திக்கொள்கிறான்: "அண்ணே, சாப்டாச்சா?"